வாரண்டி ஸ்டிக்கரில் வைத்த பொட்டு

1

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. மகள் யாழினி பள்ளிக்கூடத்துக்காக எரிமலையைப் பற்றி எட்டுப் பக்கம் அதில் எழுதி வைத்திருந்தாள். பொத்தானை அமுக்கினால் திரை கறுப்பாகவே நிற்கிறது, உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சமையலறையில் இருந்தபடியே சொல்லிவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நியூசிலாந்தில் ஹேமில்டன் என்ற ஊரில், ஒரு பால் தொழிற்சாலையில் மின்னணுக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். வந்து ஏழு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் தேனிப் பக்கம் கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியர். இன்ஜினியர் என்பது நாங்களே சூட்டிக்கொண்ட பட்டம், படித்தது டிப்ளமோதான்.

பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வாங்கிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. கேரண்டி பன்னிரண்டு மாதம். "அப்ப தலையச் சுத்தி எறிஞ்சுட்டு வேற வாங்குங்க" என்றாள் என் மனைவி மாலதி. எனக்கு மனசு ஆறவில்லை. பழைய கை சும்மா இருக்குமா? ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைக் கழற்றி, காதில் வைத்துக் கேட்டு, மறுபடி மாட்டி மூடிவிட்டேன். மூடிய பிறகுதான் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த கடைக்காரர்களின் சீல் இரண்டாகக் கிழிந்து கிடப்பதைப் பார்த்தேன். 'இந்த சீல் கிழிந்தால் கேரண்டி செல்லாது' என்று அதிலேயே எழுதியிருந்தது.

இந்த ஊரில் கேரண்டி முடிந்தாலும் சட்டம் முடியாது என்று தொழிற்சாலையில் ஒரு நண்பர் முன்பே சொல்லியிருந்தார். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று பெட்டியைக் காரில் ஏற்றினேன். யாழினியும் கூட வந்தாள். எரிமலை அவளுடையது அல்லவா. போகும் வழியில் அவளிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன்: "சீலை யார் கிழிச்சான்னு கேட்டா, நான்தான் விளையாட்டுல கிழிச்சுட்டேன்னு சொல்லிரு பாப்பா. சின்னப் பிள்ளைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

யாழினிக்குப் பத்து வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதற்காக வீட்டில் தினமும் ஒரு சண்டை உண்டு. அன்றைக்கு மட்டும் நல்ல தமிழில், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "நான் கிழிக்கலையே, அப்பா."

பச்சை விளக்கு விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். இந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தையில் திட்டுவதற்குச் சமம்.

2

இரண்டாயிரத்து ஒன்று. கம்பத்தில் எங்கள் கடைக்கு மதுரையில் இருந்து பஸ் பார்சலில் சரக்கு வரும். முதலாளி பக்திமான். எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் முதலில் சந்தனக் கிண்ணத்தை எடுப்பார். மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தனியாகக் கையில் வாங்கி வைப்பார். "ஏலே செல்வம், இதுதாம்லே மிசினுக்கு உசுரு" என்பார்.

டிஸ்க்கின் உடம்பு கறுப்பு. பொட்டு எடுப்பாகத் தெரியாது. மதுரை மொத்த வியாபாரி ஒட்டி அனுப்பும் வாரண்டி ஸ்டிக்கர் ஒன்றுதான் வெள்ளை. நகம் அளவுச் சதுரத்தில் பன்னிரண்டு மாதங்களும் நான்கைந்து வருடங்களும் அச்சடித்திருக்கும், விற்ற மாதத்திலும் வருடத்திலும் பேனாவால் டிக் போட்டிருப்பார்கள். முதலாளி பொட்டை வைப்பது அந்த வெள்ளையில். பழுதான டிஸ்க்கை மாற்ற மதுரைக்குக் கொண்டுபோனால் கவுண்டரில் இருப்பவர் பார்த்ததும் சிரிப்பார். "கம்பம் சரக்கா? பொட்டு வச்சுப் பூ வைக்காம அனுப்பிச்சிட்டாகளே" என்பார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி, கீழே இருக்கும் டிக்கைப் பார்த்துவிட்டுப் புது டிஸ்க் கொடுப்பார்.

அந்த வருடம் உத்தமபாளையத்தில் இருந்து ஜரீனா அக்கா நான்கு கம்ப்யூட்டர் கேட்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பி.காம். படித்தவர். கணவருக்கு ஏலக்காய் வியாபாரம், வாரத்தில் பாதி நாள் குமுளியில். பெண்பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் படிக்க வெளியே அனுப்பத் தயங்கும் வீடுகள் அந்தத் தெருவில் நிறைய இருந்தன. 'நம்ம வீட்டு முன்னறையில் நாமே சொல்லிக்கொடுத்தால் என்ன' என்பது அக்காவின் யோசனை. கணவரின் அண்ணன் வீட்டுக்குப் பெரியவர், அவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஆறு மாதம் பேசிப் பேசி அக்கா ஒப்புதல் வாங்கியிருந்தார்.

நான்கு மிஷினையும் பாகம் பாகமாகச் சேர்த்து நான்தான் பூட்டினேன். மூன்று டிஸ்க் கடையில் பழைய இருப்பு, பொட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தது, மாட்டி முடித்துவிட்டேன். நாலாவது புதுப் பார்சலில் வந்து பொட்டோடு என் கைக்கு வந்தது. மாட்டப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. முஸ்லிம் வீடு. குங்குமம் வைத்த சாமானை அனுப்பினால் நன்றாக இருக்குமா? யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்தேன். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பொட்டைச் சுத்தமாகத் துடைத்தேன். பொட்டோடு பேனா டிக்கும் போனது. ஸ்டிக்கரின் ஒரு மூலை நைந்தது. பார்த்தேன். பரவாயில்லை, பில்தான் இருக்கிறதே என்று மாட்டிவிட்டேன்.

மதநல்லிணக்கத்துக்கு ஏதோ நம்மால் ஆனது என்று அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமை வேறு.

3

நாலாவது மாதம் அந்த டிஸ்க் டிக், டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. நான் போய்க் கழற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று வழியெல்லாம் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் அதே ஆள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, டிக்கையே காணோம்? யாரோ அழிச்சிருக்காகளே."

"பில் இருக்குண்ணே. நாலு மாசம்தான் ஆச்சு. சீரியல் நம்பர்கூட பில்லுல இருக்கு."

"பில்லு ஒங்க கடை பில்லு. எங்களுக்கு ஸ்டிக்கர்தான். இது செல்லாது."

சிவப்பு மையில் ஒரு முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்தான் துடைத்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலாளிக்குப் போன் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கம்பத்தில் முதலாளி முத்திரையைப் பார்த்தார். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அந்தம்மாதாம்லே தொடச்சிருக்கும். பொம்பளைக கையில மிசினக் குடுத்தா சும்மா இருப்பாகளா? தெறந்து தண்ணி தொட்டுத் தொடச்சிருக்கும்" என்றவர், சர்வீஸ் சீட்டில் 'கஸ்டமர் கையாண்டதில் சேதம்' என்று எழுதி, "இன்ஜினியர் கையெழுத்து" என்ற கோட்டை எனக்குக் காட்டினார்.

அந்த வாரத்தில்தான் நியூசிலாந்து விசாவுக்காக அனுபவச் சான்றிதழ் கேட்டு நான் அவர் மேசையில் காகிதம் வைத்திருந்தேன். சான்றிதழில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் மூன்று வருட அனுபவம் இல்லை. அனுபவம் இல்லாவிட்டால் விசாவுக்கான புள்ளிகள் இல்லை. சர்வீஸ் சீட்டில் நான் போட்டேன். மறுநாள் சான்றிதழில் அவர் போட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, துடைத்தவன் நான் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

4

ஹேமில்டன் கடையில் கவுண்டரில் நின்ற பையனிடம், "டிஸ்க் கம்ப்ளைண்ட்" என்றேன். யார்மேல் கம்ப்ளைண்ட் என்று பணிவாகக் கேட்டான். ஏழு வருடம் ஆகியும் நம் ஊர் இங்கிலீஷ் நாக்கை விட்டுப் போகவில்லை. யாழினி தரையைப் பார்த்தாள். அப்பாவால் அவமானப்படுகிற வயது தொடங்கிவிட்டது.

பில்லைப் பார்த்துவிட்டு, ஒரு வருடம் முடிந்துவிட்டதே என்றான். நண்பர் சொல்லித்தந்தபடி சட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவன் உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தான். நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடி தொங்க ஒரு பெண்மணி. அவருக்கு இது வாராவாரம் நடப்பதுபோல இருந்தது.

இங்கே உள்ள சட்டம் இதுதான்: தயாரிப்பாளர் கொடுக்கும் ஒரு வருடக் காகிதம் அவர்களாகக் கொடுப்பது. அதற்கு மேலே, விற்ற பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும். நியாயமான காலம் எவ்வளவு என்று சட்டம் மாதக் கணக்கு சொல்வதில்லை. இந்த விலைக்கு இந்தப் பொருளை வாங்கும் ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு நாள் எதிர்பார்ப்பாரோ அவ்வளவு. ஹார்ட் டிஸ்க் பதினாலு மாதத்தில் சாகும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பொறுப்பு விற்ற கடைக்கு. மொத்த வியாபாரியைக் கைகாட்டி அவர்கள் நழுவ முடியாது.

மேலாளர் பெட்டியைத் திருப்பி, கிழிந்த சீலைப் பார்த்தார். "இதைத் திறந்தது யார்?"

யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயந்துபோய், சொல்வதா வேண்டாமா என்று என் முகத்தில் தேடினாள்.

"நான்தான்" என்றேன்.

"திறந்ததால்தான் கெட்டதா?"

"இல்லை. கெட்டதால்தான் திறந்தேன்."

"சரி" என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். புது டிஸ்க் போட்டுத் தர அரை மணி நேரம் ஆனது. எரிமலை திரும்ப வராது, அதற்கு எந்தச் சட்டமும் இல்லை என்று வருத்தப்பட்டார். உண்மையைச் சொல்ல எவ்வளவு செலவாகும் என்று இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தவனுக்கு, அன்றைக்குக் கவுண்டரில் ஒரு பைசா செலவாகவில்லை.

இதை எழுதும்போது 'அங்கேயெல்லாம் சட்டம் அப்படி, நம்ம ஊரில் ஏது' என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நம் நாட்டிலும் நுகர்வோர் சட்டம் எண்பத்தாறிலேயே வந்துவிட்டது. வக்கீல் இல்லாமல், வெள்ளைத் தாளில் நாமே எழுதி, பில்லை இணைத்து மாவட்ட மன்றத்தில் கொடுக்கலாம். கெட்ட பொருளை விற்ற கடைதான் வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் என்பது வியாபாரிகள் தங்களுக்குள் கணக்குப் பார்க்க ஒட்டிக்கொள்வது. பில் கையில் இருக்கிற ஒருவருக்கு ஸ்டிக்கரைக் காட்டி இல்லை என்பது எப்படி நியாயமாகும்? பிரச்சினை நடந்த இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியமான நிபந்தனை.

இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரிவதற்கு எட்டு வருடம் முன்பே ஜரீனா அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

5

சர்வீஸ் சீட்டு கொடுத்த மூன்றாம் நாள் அக்கா கம்பத்துக்கு வந்தார். முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்க வேண்டும். அமர்ந்ததும் கைப்பையில் இருந்து சீட்டை எடுத்து மேசையில் விரித்தார்.

"தம்பி, இதுல நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீக?"

"ஆமாக்கா."

"நான் அந்தப் பொட்டியத் தெறக்கவே இல்ல. மேல தூசி தட்டுவேன், அம்புட்டுத்தான். டிஸ்க்கு எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாது. இந்தச் சீட்ட எங்க வீட்டுப் பெரியவுக படிச்சுட்டாக. ஒரு மிசின ஒடச்சாச்சு, மிச்சத்தையும் ஒடைக்கிறதுக்குள்ள கடைய மூடுன்றாக. அவுக காத்துக்கிட்டு இருந்ததே இதுக்குத்தான்."

நான் மேசையில் கிடந்த ஸ்க்ரூக்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"டிஸ்க்கு போனா போகட்டும் தம்பி. எங்கிட்டப் படிக்கிற பிள்ளையோட அத்தா, தேனியில நுகர்வோர் கோர்ட்டு இருக்கு, எழுதிக் குடுங்கன்னு சொன்னாக. கோர்ட்டுக்குப் போறதுகூட ரெண்டாவது. நீங்கதான மிசினப் பூட்டுனீக. பூட்டயில அந்த ஸ்டிக்கர் எப்டி இருந்துச்சு? அத மட்டும் ஒரு வரி எழுதித் தாங்க. வீட்ல காட்டணும்."

பதினாறு பெண்பிள்ளைகள் அந்த முன்னறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் ஒரு மிஷினுக்கு நாலு பேராக நின்று, அடுத்தவள் எழுந்திருக்கக் காத்திருப்பார்கள். அது எல்லாமே என் கண்முன்னால் வந்தது. சான்றிதழும் வந்தது. என் சட்டைப்பையில்தான் இருந்தது, நாலாக மடித்து.

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நெசமாவா தம்பி? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார், ஏதோ எனக்கு உதவி செய்கிறவரைப்போல.

"இல்லக்கா. நிறைய மிஷின் பூட்டுறோம். ஞாபகம் இல்ல."

"சரி. நீங்களே சொல்லயில நான் என்ன சொல்ல?" என்று சீட்டை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போனார். இரண்டு மாதத்தில் அந்த முன்னறையைப் பூட்டிவிட்டார்கள். மிச்சம் மூன்று கம்ப்யூட்டரையும் பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. மறு வருடம் நான் விமானம் ஏறினேன்.

6

கம்பத்தில் இருக்கும் நண்பனிடம் சொல்லி நம்பர் வாங்க ஒரு வாரம் ஆனது. இன்று எங்களுக்குச் சாயங்காலம், ஊரில் காலை. யாழினி பக்கத்து அறையில் எரிமலையை மறுபடி முதலில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன்.

ஒரு பெண்பிள்ளை எடுத்தது. அக்காவின் மகள். நான் பார்த்தபோது முன்னறையில் தவழ்ந்துகொண்டிருந்தவள். "அம்மா போனெல்லாம் கையில வாங்க மாட்டாக. ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சுக்கிறேன், பேசுங்க" என்றாள்.

"ஏன்ம்மா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. அவுக கை பட்டா மிசின் கெட்டுப்போகுமாம். அவுகளே சொல்லுவாக" என்று சிரித்தாள்.

தூரத்தில் இருந்து அக்காவின் குரல் கேட்டது. பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். "அடடே, கம்பத்துத் தம்பியா? நல்லா இருக்கீகளா? அங்கன குளிரு ரொம்பன்னு சொல்றாகளே. பிள்ளை என்ன படிக்குது?" என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து அவசர அவசரமாகச் சொன்னேன். பொட்டு வைத்தது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான் துடைத்தது, டிக் அழிந்ததைப் பார்த்தது, பார்த்தும் மாட்டியது, ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய் என்பது, எல்லாம். சட்டப்படி கேட்கக் காலம் கடந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

எதிர்முனையில் ஒரு பிரஷர் குக்கர் கூவி அடங்கியது.

"பொட்டுக்கா தொடச்சீக?" என்றார் கடைசியில். "இருந்துட்டுப் போகுதுன்னு விட்டிருக்கலாம்ல தம்பி. பொட்டிக்குள்ள இருக்கிறத யாரு பாக்கப் போறா?"

"தப்புத்தான்க்கா."

"அப்ப நான் தொடைக்கலையா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "நீங்க தொடவே இல்லக்கா. அன்னைக்கு நீங்களே சொன்னீங்களே."

"அன்னைக்குச் சொன்னேன். நீங்களே ஞாபகம் இல்லன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. வெள்ளிக்கிழமையானா வீடு பூராத் தொடைக்கிறவ நான். ஏதாச்சும் ஈரத்துணி உள்ள போயிருக்குமோ, நெனப்பில்லாமத் தெறந்திருப்பேனோன்னு. எல்லாரும் சொல்லச் சொல்ல, ஆமா நான்தான் தொடச்சிட்டேன்னு பெரியவுககிட்டச் சொல்லி மாப்புக் கேட்டுட்டேன். அதுக்கப்பறம் எதையும் தொடுறதில்ல. மக படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்குனோம், அந்த ரூமுக்குள்ளகூடப் போறதில்ல."

டிஸ்க் போனது, வகுப்பு மூடியது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்த பட்டியலில் இது இல்லவே இல்லை. அழுதேன். அவருக்குக் கேட்டிருக்கும்.

"இங்கன குடு" என்று அக்கா மகளிடம் சொல்வது கேட்டது. "ஏம்மா, ஸ்பீக்கர்லதான் இருக்குல்ல" என்றாள் அவள். "குடுங்கிறேன்ல." ஏதோ உரசும் சத்தம். எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று தடுமாறி இருப்பார் போலிருக்கிறது. பிறகு குரல் என் காதுக்குள்ளேயே பேசுவதுபோல் அருகில் வந்தது.

"போன நான்தான் பிடிச்சிருக்கேன். இப்பச் சொல்லுங்க தம்பி, யாரு தொடச்சது?"